நாற்பது ரூபாய்க்குப் பத்து நிமிஷம்

கேம் விளையாடிக் காசு சம்பாதிக்கிறேன் என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் முதலில் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அடுத்துக் கேட்பது, யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள் என்பதுதான். முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்கு யாரும் காசு தருவதில்லை. தன் பெயரை ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தருகிறார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நான்கு வருஷம் நின்றேன். முடிந்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பசை வழிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் உண்டு. பேச்சு கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பிறவியிலேயே வராத காரியம். சூப்பர்வைசரிடம் நான் வாங்கிய திட்டில் பாதி அதற்காகத்தான்.

பக்கத்து டேபிளில் நின்றவள் எனக்கு உயிர்த்தோழி. ரம்ஜானுக்கு அவள் வீட்டில் நானும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் அவளும் சாப்பிடாமல் ஒரு வருஷமும் போனதில்லை. அவள்தான் எனக்குப் போனில் அந்தச் சுடுகிற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் நிற்கிறவர் ஜெயிப்பது. நான் சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் ஆடிக்கொண்டே ஓயாமல் பேசுவேன். சுட்டவனைத் திட்டுவேன், செத்துப்போனால் என்னையே திட்டிக்கொள்வேன். இதை நேரலையில் போடு, நாலு பேர் கேட்பார்கள் என்றாள். போட்டேன். நாலு பேர் நானூறு பேரானார்கள்.

என் அப்பா அதே கம்பெனியின் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பி ஆலங்காயம் பக்கத்து ஊர்களில் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுவில் பகல் முழுக்க பஸ்ஸைக் கம்பெனிக்குள் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். அப்பா என் நேரலையைப் பார்ப்பார்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதைச் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். என்னை உள்ளே சேர்த்துவிட அவள் யாரையெல்லாம் கெஞ்சினாள் என்று எனக்குத் தெரியும். அப்பா மட்டும், "ஒரு வருஷம் பாரு. ஆவலன்னா டேபிளுக்குப் போய்டு. அதுக்கு மேல நான் உங்கம்மாவ சமாளிக்க முடியாது" என்றார். அந்த ஒரு வருஷம்தான் என் கைமுதல்.

காசு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். விளம்பரத்தில் வருவது வெற்றிலை பாக்குக்குக்கூடக் காணாது. மாதச் சந்தா கட்டுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் விழும். நான் ஒரு பச்சை ஷூவை வைத்திருந்தேன். சூதாட்ட ஆப் நடத்துகிறவர்கள் வந்து, தங்கள் பெயரைத் தினம் மூன்று முறை சொன்னால் போதும் என்றார்கள். அவர்கள் ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொன்னது என் ஆறு மாதச் சம்பளம். அப்பா வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது காசோடு வரும் செய்தி. சும்மா எழுதினால் அது நூறு பேர் எழுதுவதில் அடித்துக்கொண்டு போய்விடும். நாற்பது ரூபாய் கட்டி எழுதினால் நிறத்தோடு மேலே நிற்கும். அதை நான் படித்தே ஆக வேண்டும். போட்டவர் பெயரைச் சொல்லி, அவர் எழுதியதைப் படித்து, நன்றி சொல்ல வேண்டும். சோர்ந்த குரலில் சொன்னால் அடுத்தவன் போடமாட்டான். பல் வலித்தாலும் குரல் மேலே போக வேண்டும். இதுதான் தொழில்.

அப்பாவுக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "நான் எழுதினா நீ படிக்கவே மாட்டேன்ற" என்றார். அவர் எழுதியதே எனக்குத் தெரியாது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். போன் கடைக்காரன் தொடங்கிக் கொடுத்த கணக்கு. ஏதோ நான்கு எழுத்து, அதற்குப் பின் ஏதேதோ எண்கள். நினைவில் நிற்கிற பெயரே இல்லை.

"காசு போட்டாத்தான் படிப்பியா?" என்றார்.

"நீ போடாதப்பா. நீ போட்டா மூணுல ஒரு பங்கு கிட்ட நேரலை ஆப்காரன் எடுத்துக்குவான். எங்கிட்ட பேசணும்னா வீட்ல பேசு" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு போடவும் இல்லை, எழுதவும் இல்லை. கணக்கின் பெயரை அன்றே மாற்றிக்கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. செய்யவில்லை.

வீட்டில் நான் நேரலையில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது என்பது சட்டம். போன் அழைப்பு வந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் அழைப்புகளையும் அடைத்து வைத்திருப்பேன். ஆகவே அப்பா என் அறை வாசலில் வந்து நின்று, ஐந்து விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். பாதி நாள் அது பொய்யாகத்தான் இருக்கும். அவருக்கும் அது தெரிந்திருக்கும், போய்விடுவார்.

ஒரு வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. என் மாத வருமானம் கம்பெனிச் சம்பளத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. போனில் ஆடுவதை விட்டு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினால் ஆள் கூடும் என்று கணக்குப் போட்டேன். அதற்குக் காசு வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வித்தை செய்வார்கள். திரையில் ஒரு கடிகாரம் ஓடும், நேரம் குறைந்துகொண்டே வரும். யாராவது காசு போட்டால் நேரம் ஏறும். கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும் வரை ஆடுகிறவர் நிறுத்தக்கூடாது. பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. ஆடுகிறவரை எழுந்திருக்க விட மாட்டார்கள். நாற்பது ரூபாய்க்குப் பத்து நிமிஷம் என்று விலை வைத்தேன். கம்பெனிக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் முடியாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று ஒரு வாரம் முன்பிருந்தே வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தோழி அவள் வீட்டிலிருந்தபடி பேச்சைக் கண்காணிப்பது, கெட்ட வார்த்தை எழுதுகிறவனை வெளியே தள்ளுவது என்று ஏற்பாடு.

காலை ஏழு மணிக்கு மூன்று மணி நேரத்தோடு கடிகாரத்தை ஓடவிட்டேன். அம்மா இட்லியைத் தட்டில் வைத்து மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எட்டரைக்கு இரண்டு பேரும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்று விரலைக் குவித்துக் கேட்டார். நான் கட்டை விரலைத் தூக்கினேன். மூடிய தட்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஆராதனையின் நடுவில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சபைக்காரர் ஒருவர் காரில் ஆம்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு வேலூருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா எனக்குப் போட்ட அழைப்பு ஒன்றும் வந்து சேரவில்லை. என் தோழிக்கு அடித்தாள். பதினொன்றரை மணிக்கு, எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும் செய்திப் பெட்டியில் தோழி எழுதினாள்: அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேலூரில் சேர்த்திருக்கிறார்கள், பேசிக்கொண்டுதான் இருக்கிறார், சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன், அதற்குள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

காலையிலிருந்து விழுந்த காசில் ஏறி, கடிகாரத்தில் இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷமே போனை அணைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். நான் என்ன செய்தேன் என்றால், பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். அப்பாவுக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஐம்பது நிமிஷத்தில் கடிகாரம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன், தப்பாக நினைக்காதீர்கள் என்று.

காசு கொட்ட ஆரம்பித்தது. அப்பாவுக்காக என்று ஒருவன், ஆபரேஷன் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று ஒருத்தி. சிங்கப்பூரில் இருந்து ஒருவர் ஒரேயடியாக இரண்டாயிரம் போட்டார். அப்பாவின் பஸ்ஸில் வரும் பெண்கள் பலர் என்னைப் பார்ப்பவர்கள். அவர்களும் போட்டார்கள். எங்க டிரைவர் அண்ணன் நல்லாயிடுவாரு என்று ஒருத்தி எழுதினாள். ஒவ்வொரு நாற்பதுக்கும் கடிகாரம் பத்து நிமிஷம் ஏறியது. அவர்களுக்கு அது புரியவே இல்லை. அன்பு காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு என்னை நாற்காலியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் படித்தேன், நன்றி சொன்னேன், குரலைத் தூக்கினேன். ஒரு மணிக்குக் கடிகாரம் முப்பது மணி நேரம் காட்டியது.

என் தோழி பொதுப்பேச்சிலேயே எழுதினாள், போதும் யாரும் போடாதீர்கள் என்று. அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் போட்டார்கள். பிறகு எனக்குத் தனியாக எழுதினாள்: "இவுங்க போட்டுகினேதான் இருப்பாங்க. மூடிட்டு கெளம்பு. பேஜாராய்டும்."

இன்னும் கொஞ்சம் என்று பதில் எழுதினேன். ஆபரேஷனுக்குக் காசு வேண்டாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. கம்பெனி டிரைவருக்கு இன்சூரன்ஸ் உண்டு என்பது எனக்குத் தெரியாததில்லை. உண்மையைச் சொல்கிறேன். ஒரு வருஷத்தில் என் பெட்டியில் அவ்வளவு காசு விழுந்து நான் பார்த்ததில்லை. வாக்கை மீறி எழுந்தால் ஏமாற்றுக்காரி என்பார்கள், ஒரு வருஷ உழைப்பும் ஒரே நாளில் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஆசை ஒரு பக்கம். ஆசைதான் ஜாஸ்தி. ஆபரேஷன் நாலு மணிக்குத்தானே, இரண்டரைக்குக் கிளம்பினால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு ஆடினேன்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வரிசையில் ஒரு நாற்பது ரூபாய் வந்தது. பெயர் படிக்க வராத எழுத்தும் எண்ணும். செய்தி ஒரே வார்த்தை. சாப்ட்டியா.

நேரலையில் தினமும் ஐம்பது பேர் கேட்கிற கேள்விதான் அது. அதற்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. நான் அப்போது ஒரு வீட்டின் மாடியில் ஒளிந்துகொண்டு, கீழே படி ஏறி வருகிறவனைச் சுடக் காத்திருந்தேன். பெயரைத் தாண்டிவிட்டு, "சாப்ட்டேன் ப்ரோ, தேங்க்ஸ் ப்ரோ, பத்து நிமிஷம் ஏறிடுச்சு" என்றேன். படி ஏறி வந்தவனைச் சுட்டேன். அடுத்த பெயரைப் படித்தேன்.

இரண்டரை ஆனது. மூன்றும் ஆனது. என் தோழி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஸ்டாண்டிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்து, என் செருப்பை எடுத்து என் கால் முன்னால் போட்டாள்.

வேலூர் ரோட்டில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போதுதான் நான் அழ ஆரம்பித்தேன். அவள் வண்டியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி நாலு இருபது. ஆபரேஷன் தியேட்டர் காலியாகவே அப்பாவை நாலுக்கு முன்னாலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவருக்கு நினைவு திரும்பவே இல்லை. டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அவருடைய பஸ் பெண்கள் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நாங்களும் போட்டோம் என்றார்கள். அவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்து அம்மா அப்பாவின் போனை என்னிடம் கொடுத்தாள். அதுவரை அவள் என்னிடம் அதிகம் பேசியிருக்கவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

"உனக்கு அடிச்சி அடிச்சி பாத்தாரு. போவல. வீடியோவ தொறந்து உன்ன பாத்துகினே படுத்துனு இருந்தாரு. காசு போட்டாத்தான் படிப்பான்னு சொன்னாரு. நான் வேணாம்னேன். கேக்கல" என்றாள் அம்மா.

எனக்கு உடனே புரியவில்லை. போனைத் திறந்து பார்த்தேன். அவர் கணக்கிலிருந்து போன ஒரே ஒரு காசுச் செய்தி அதில் இருந்தது. நாற்பது ரூபாய். சாப்ட்டியா.

கொல்லைப் பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ப்ரோன்னு சொன்னது அவருக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சி. சிரிச்சாரு. சாப்ட்டாளாம்னு எங்கிட்ட சொன்னாரு. அப்றம் போன ஆஃப் பண்ணிக் குடுத்துட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காசு அடுத்த மாதம் என் பேங்கில் ஏறியது. நாற்பதில் ஆப்காரன் பங்கு போக இருபத்தெட்டு ரூபாய் என்று அப்பாவின் செய்திக்கு நேராகப் போட்டிருந்தது. திருப்பி அனுப்ப வழி தேடினேன். போட்டவர்தான் கேட்க வேண்டுமாம். அந்தக் காசில் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. அப்பாவின் கல்லறைக்குச் சிமெண்ட் பூசிப் பெயர் எழுதினோம். மிச்சம் அப்படியே கிடக்கிறது.

டேபிளுக்குத் திரும்பிப் போகலாம் என்று கம்பெனி கேட் வரை போனேன். வேப்பமரத்தடியில் பஸ் நின்றிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நாற்பது நாள் கழித்து மறுபடி நேரலைக்கு வந்தேன். வேறு எனக்கு என்ன தெரியும். பழைய போனில்தான் ஆடுகிறேன். கடிகாரம் வைப்பதில்லை. அழைப்புகளை அடைப்பதில்லை, அம்மா அடித்தால் ஆட்டம் நிற்கிறது, எவனோ வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போகிறான், பரவாயில்லை. காசு போடாதவர்கள் எழுதுவதையும் முடிந்தவரை படிக்கிறேன். வருமானம் முன்னைவிடக் கம்மி. என் தோழி, நீ தொழிலைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று திட்டுகிறாள். திட்டிக்கொண்டே கூட இருக்கிறாள்.

இப்போதும் தினமும் யாராவது சாப்டீங்களா அக்கா என்று கேட்கிறார்கள். சாப்பிட்டிருந்தால் ஆமாம் என்கிறேன். இல்லையென்றால் இல்லை என்றே சொல்கிறேன். அவர்கள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலூரிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது என் அறையில் அம்மா வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. நான்கு இட்லி, பூஞ்சை பிடித்து. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அதைக் கேட்க அவர் நாற்பது ரூபாய் கட்டினார்.